கட்டிலுக்கடியில் பி.காம்.

கேமராவைக் கண்டால் ஒளிகிற ஜென்மம் நான். எங்கள் கல்யாண ஆல்பத்திலேயே மாலைதான் தெரியும். மாப்பிள்ளையைத் தேட வேண்டும்.

ஓசூரில் நானும் மனைவி செல்வியும் ஆளுக்கொரு கம்பெனி. நான் அஞ்சாவது, அவள் பன்னிரண்டாவது. டிகிரி இருந்தால்தான் சூப்பர்வைசர் வேலை என்று சொல்லிவிட்டதால் ஆன்லைனில் பி.காம். சேர்ந்தாள். படிப்பு வீடு தேடி வரும் என்று விளம்பரம். (வரட்டும். எங்கள் லைன் வீட்டில் ஒரே அறை. அது எங்கே உட்காரும் என்று யோசித்தார்களா, மகராசர்கள்?)

கடைசிப் பேப்பர். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். கேமராவில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"ஏங்க, பத்து மணிக்குள்ள கெளம்பிருங்க. டீக்கடையிலயே கெடங்க," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள் செல்வி.

கதவைத் திறந்தேன். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. லைன் பெண்கள் அத்தனை பேரும் வாசலில் குடத்தோடு. ஷிஃப்ட் முடித்து வந்த நான் பனியனும் லுங்கியும். அவர்களைத் தாண்டிப் போவதா? கட்டிலுக்கடியில் புகுந்தேன். (மூளை உள்ளவன் சட்டை போட்டிருப்பான்.)

நான் போய்விட்டதாக நினைத்துத் தாழ் போட்டாள், பரீட்சை தொடங்கியது. மூச்சைக்கூட அளந்து விட்டேன். அப்படியே தூங்கிப்போனேன். லேப்டாப்பிலிருந்து வந்த குரல்தான் எழுப்பியது.

"மேடம், என்ன சத்தம் அது?"

"பக்கத்து வீட்டு மிக்சிங்க சார்."

"ரூமைச் சுத்திக் காட்டுங்க. கட்டிலுக்கு அடியிலயும்."

லேப்டாப்பில் என் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

"ஆன்சர் சொல்லித் தர்றாரா?"

"ஐயோ சார், அவரு அஞ்சாவதுங்க! பேங்க் சலானே நான்தான் எழுதித் தர்றேன்!"

"எல்லாரும் இதேதான் சொல்றாங்க மேடம்."

திரை அணைந்தது. குறட்டையிலேயே கணக்கியல் நடத்தும் வாத்தியார் என்று என்னை நம்பியது ஒரு பல்கலைக்கழகம்! இனி உயர்கல்வியெல்லாம் இப்படித்தானாம். விளங்கிவிடும்.

பரீட்சை ரத்து. ஆறு மாதம் கழித்து செல்வி மறுபடி எழுதினாள். அன்று என்னை ராயக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். தக்காளி மார்க்கெட்டில் நின்று வீடியோ காலில் முகத்தைக் காட்டிய பிறகுதான் லேப்டாப்பையே திறந்தாள். கேமராவுக்குப் பயந்த எனக்கு அதுதான் தண்டனை.

இப்போது அவள் சூப்பர்வைசர். 'கட்டிலுக்கடியில் இருந்த நபர் விடைகளைச் சொல்லிக் கொடுத்தார்' என்று அன்று வந்த கடிதத்தை மகள் லேமினேட் செய்து, அம்மாவின் டிகிரிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்களிடம் சொல்வாள்:

"அது அம்மா சர்ட்டிபிகேட். இது அப்பாவோடது."