முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள்

ஓடுகிறவன் ஓடிவிட்டுப் போகிறான். ஓடாதவன் படுத்துத் தூங்குகிறான். இந்த இரண்டு பேராலும் ஊருக்குக் கெடுதல் இல்லை. இவர்களுக்கு நடுவில் ஒரு இனம் இருக்கிறது. மாரத்தானுக்குத் தயாராகிறவர் என்று அதற்குப் பெயர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். தேடி அலைய வேண்டாம், அவரே வந்து சொல்லிவிடுவார். சந்தேகமாக இருந்தால் "மணி என்ன சார்?" என்று கேட்டுப் பாருங்கள். முழங்கையை மடக்கி வாட்சை மூக்குக்கு நேரே கொண்டுவந்து, தன் நெஞ்சு நிமிஷத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது, நேற்று ராத்திரி எவ்வளவு நேரம் அசந்து தூங்கினார், போன வாரத்துக்கு இந்த வாரம் மூச்சு எவ்வளவு தேவலை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். மணியை மட்டும் சொல்ல மாட்டார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் வாய் தவறிக் கேட்டுவிடாதீர்கள். கேட்டீர்களோ, அன்றைக்கு உங்கள் பிழைப்பு போச்சு. இடது முழங்காலுக்கு ஒரு கதை, வலது முழங்காலுக்கு ஒரு கதை, இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் இருப்பதற்குத் தனிக் கதை.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். மெத்தைக் கடைக்காரர். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர். அவர் தொழில் என்ன? படுப்பது. வாடிக்கையாளர் வந்தால், "சும்மா ஒரு தடவை படுத்துப் பாருங்க சார்" என்று சொல்லி, அவர் கூச்சப்பட்டால் தானே படுத்துக் காட்டுவது. இப்படி இருபது வருஷமாக உழைத்து முன்னுக்கு வந்தவர், அதிலும் குறிப்பாக வயிறு நன்றாக முன்னுக்கு வந்தவர், மாரத்தானில் எப்படிப் போய் விழுந்தார்?

ஒரு பல் டாக்டர் மெத்தை வாங்க வந்தார். ஊரில் ஓட்டக் குழு ஒன்றை நடத்துகிறவர். மெத்தையில் மல்லாந்து படுத்தபடியே, "நாப்பத்திரண்டு கிலோமீட்டர்ணே. ஓடி முடிக்கிறப்ப வர்ற சந்தோஷம் இருக்கே, அதைச் சொல்ல முடியாது" என்றார். சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் சொன்னார். மெத்தைக் கடைக்காரர் சொக்கிப் போனார். ஓட்டத்தில் அல்ல, அந்தப் பேச்சில். இவ்வளவு நேரம் ஒரு மனுஷன் தன்னைப் பற்றியே பேசலாம், எதிரில் இருப்பவன் எழுந்து போக மாட்டான் என்றால், அதைவிட வேறென்ன சுகம் வேண்டும்?

மறுநாளே ஷூ வாங்கப் போனார். கடையில் அவரை ஓடும் பெல்ட்டின் மேல் ஏற்றி ஓடவிட்டுப் படம் எடுத்து, "உங்க பாதம் உள்பக்கமா சாயுது சார்" என்றார்கள். பட்டம் வாங்கியவர் மாதிரி வீட்டுக்கு வந்தார்.

"என் பாதம் உள்பக்கமா சாயுதாம்!"

"இத்தனை வருஷமா நேராத்தானே நடந்தீங்க?" என்றார் மனைவி.

"அது தெரியாம நடந்துட்டேன்."

ஷூ வந்துவிட்டது. ஓட வேண்டாமா? ஓடுவார். ஆனால் முதல் நாள் மழை, ஷூ நனைந்துவிடும். அடுத்த நாள் வெயில், தலை சுற்றும். மூன்றாம் நாள் மழையும் இல்லை வெயிலும் இல்லை, ஆகவே ஓடினார், தெருமுனை வரைக்கும். அதற்கப்புறம் ஒரு வாரம் ஓய்வு. "ஓய்வும் பயிற்சியில ஒரு பகுதிதான்" என்பார். பகுதி என்றால் கால் பங்கா, அரைப் பங்கா? அவர் கணக்கில் முக்கால்வாசி.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். வலித்தைலம், சுளுக்குப் பசை, ஒட்டுப் பட்டை என்று சாயங்காலம் பையோடு வருவார். வீடு முழுக்கத் தைல நெடி. வந்தவர்கள் எல்லாம் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்று, தணிந்த குரலில் "யாருக்கு முடியலை?" என்று கேட்டார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை, இவர் மாரத்தானுக்குத் தயாராகிறார் என்று சொன்னால் இன்னும் அதிகமாக வருத்தப்பட்டார்கள்.

இதையும் அந்த அம்மாள் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது ஒரு துக்க வீட்டில். கூட வேலை பார்க்கும் பெண்ணின் அப்பா தவறிவிட்டார். விசாரிக்கப் போனார்கள். எல்லாரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தபோது, யாரோ பாவம் ஒரு பெரியவர் பேச்சுக்கு, "நடமாட்டமாத்தான் இருந்தார், கொஞ்சம் முழங்கால் வலி மட்டும்தான்" என்று சொல்லிவிட்டார். மெத்தைக் கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த முழங்கால்?"

அப்புறம் அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அவர் குரல்தான் கேட்டது. பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டப் போனதை மட்டும் மனைவி கடைசி நேரத்தில் கையைப் பிடித்துத் தடுத்தார்.

திரும்பி வரும்போது வழியிலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

"இங்க பாருங்க. ஒண்ணு, அந்த நாப்பத்திரண்டு கிலோமீட்டரையும் ஓடி முடிங்க. ஆயுசு முழுக்கப் பேசுங்க, காது குடுத்துக் கேக்கறேன். முடிக்கலையா, ஓட்டம்ங்கிற பேச்சே நம்ம வீட்டுல இருக்கக் கூடாது. ஷூவு, வாட்சு, முழங்கால், எதுவும்."

"முழங்கால் எங்கடி போகும்?"

"இருந்துட்டுப் போகட்டும். சத்தம் வரக் கூடாது."

மெத்தைக் கடைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஓடாமல் இருந்துவிடலாம், அது பழக்கம்தான். பேசாமல் எப்படி இருப்பது?

ஆகவே நிஜமாகவே ஓட ஆரம்பித்தார். விடியற்காலையில் எழுந்து, நாய்களுக்கு ஒரு வேலை கொடுத்து, மூச்சு வாங்கி, முதுகு பிடித்து, ஒரு நாள் கொஞ்சம் கூட, ஒரு நாள் கொஞ்சம் குறைய என்று ஓடினார். குறை சொல்லக் கூடாது, கொஞ்சம் தொப்பைகூட இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டார். போனதென்னவோ போய்விட்டார், திரும்பி வர வேண்டுமே! கால் இரண்டும் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டன. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்.

தூங்கினவர் வாட்சை நிறுத்தவில்லை. அது தன் கடமையைச் செய்தது. அவர் ஓடினது, பஸ் ஓடினது எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்டு, ஓட்டக் குழுவில் இருந்த அத்தனை பேர் போனுக்கும் அதுவாகவே அனுப்பிவைத்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததுமே பல் டாக்டரிடமிருந்து போன்.

"அண்ணே! என்னண்ணே இது, கடைசியில பின்னிட்டீங்க! இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க இந்த வேகத்தை?"

யோக்கியன் என்ன சொல்வான்? "பஸ்" என்பான். ஒரே ஒரு வார்த்தை. சொல்லத்தான் வாயைத் திறந்தார். பக்கத்தில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"காத்து நமக்குச் சாதகமா அடிச்சுது டாக்டர்" என்று வாய் சொல்லிற்று.

"நடுவுல ரெண்டு மூணு இடத்துல நின்னிருக்கீங்களே?"

"தண்ணி குடிச்சேன்."

அது பஸ் ஸ்டாப். விடுங்கள். பல் டாக்டர் அதோடு நிறுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. அன்றைக்கே இவருக்குக் கொடியைக் கொடுத்துவிட்டார்.

கொடி என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். மாரத்தானில் சில அனுபவசாலிகள் கையில் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அதில் 'ஐந்து மணி நேரம்' என்று போட்டிருந்தால், அந்த நேரத்தில் முடிக்க நினைக்கிறவர்கள் அந்தக் கொடியின் பின்னாலேயே போனால் போதும். வேகத்தைக் கொடிக்காரர் பார்த்துக்கொள்வார். பின்னால் வருகிறவர்கள் தலையைத் தூக்கக்கூட வேண்டாம். அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் மூங்கில் குச்சியில் கட்டி நம் மெத்தைக் கடைக்காரர் கையில் கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் பஸ் வெளியே வரும். பஸ் வெளியே வந்தால் பேச்சு போய்விடும். வாங்கிக்கொண்டார்.

ஓட்ட நாள் வந்தது. கொடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பின்னால் ஒரு கூட்டமே கிளம்பியது. தொட்டாற்போல வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வங்கிக்காரர், வழிநெடுக இருமிக்கொண்டே வந்தார். இன்னொருவர் பள்ளித் தலைமை ஆசிரியை. அவர் பின்னால் வருவதே இவருக்கு வாத்தியார் பிரம்போடு வருகிற மாதிரி இருந்தது.

பாதி தூரம் எப்படியோ போய்விட்டது. அதற்கப்புறம் கால்கள் வேறு யாருடையவோ மாதிரி ஆகிவிட்டன. எங்காவது ஒரு பள்ளம் தென்படாதா, விழுந்து தொலைக்கலாமே என்று தேடினார். வருஷம் பூராவும் குண்டும் குழியுமாக இருக்கிற ரோடு, அன்றைக்குப் பார்த்து மெழுகிவிட்ட மாதிரி இருந்தது. நாய் கடிக்கலாம் என்றால் நாய்கள் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியில், போகிற மானம் குனிந்தபடியே போகட்டும் என்று, ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் சாலையோரம் குனிந்தார். கூட்டம் தாண்டிப் போய்விடும், அப்படியே நழுவிவிடலாம்.

யாரும் தாண்டவில்லை.

காலடிச் சத்தமே இல்லை. குனிந்த வாக்கிலேயே தன் இரண்டு கால்களுக்கு நடுவே பின்னால் பார்த்தார். என்ன பார்த்தார் தெரியுமா? கூட்டம் மொத்தமும் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தது. தலைமை ஆசிரியை உட்பட. அந்த அம்மாள் போட்டிருந்ததோ ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்த ஷூ. அதில் கட்டுவதற்கு என்ன இருக்கிறது?

"சார்," என்று அந்த அம்மாள் குனிந்தபடியே கிசுகிசுத்தார், "நீங்க எழுந்தா நாங்களும் எழுந்துக்கணும். கொஞ்சம் மெதுவாக் கட்டுங்க."

மெத்தைக் கடைக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இனிமே நாம நடக்கிறோம். இது ஒரு டெக்னிக்" என்று அறிவித்தார்.

"நானும் படிச்சிருக்கேன். இதுதான் சரியான முறை" என்றார் வங்கிக்காரர், இருமல் நின்றுபோய்.

நடந்தார்கள். முன்னால் கொடி, பின்னால் சோர்ந்த முகங்கள், வாயைத் திறந்து யாரும் பேசவில்லை. ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"என்ன ஊர்வலம் இது? என்ன கேட்டுப் போறீங்க?" கொடியை எழுத்துக்கூட்டிப் படித்தார். "அஞ்சு மணி நேரமா? அவ்வளவு நேரந்தான் வேலை பார்ப்பீங்களா?" கொஞ்சம் யோசித்தார். "நியாயந்தான். எங்களுக்கும் சேர்த்துக் கேளுங்க. போங்க, ஓரமாப் போங்க."

போய்ச் சேர்ந்தபோது மேளம் இல்லை, மைக் இல்லை. நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காற்றடைத்து நிறுத்தியிருந்த துணி வளைவிலிருந்து காற்றைப் பிடுங்கி, அதைப் பாதி படுக்கவைத்திருந்தார்கள். அந்தத் துணியை ஆளுக்கு ஒரு கையாகத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொருவராகத் தவழ்ந்து எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள்.

அந்தப் பக்கம் மனைவி நின்றிருந்தார்.

"ஓடி முடிக்கணும்னு சொன்னேன். ஓடினீங்களா?"

மெத்தைக் கடைக்காரர் கொடியைச் சுருட்ட ஆரம்பித்தார். தலைமை ஆசிரியை முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? ஓடினார். நாங்க எல்லாரும் பின்னாலேயே வந்தோமே!"

"ஓடினார், ஓடினார்" என்றது கூட்டம், ஒரே குரலில். பின்னே? அவர் ஓடவில்லை என்றால் இவர்கள் மட்டும் என்ன செய்தார்களாம்?

மனைவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மருந்துக் கடையில் எத்தனையோ பேர் பொய் வயசு சொல்லிக் கேட்டவர். நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"சரி. சொன்ன சொல் சொன்னதுதான். பேசுங்க."

அன்று திறந்த வாய்தான். மனைவி ஞாயிற்றுக்கிழமையும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டார். அதனால் வீட்டில் கேட்கிற ஆள் கொஞ்சம் குறைவு. கடையில் அந்தக் குறை இல்லை. வாடிக்கையாளரை மெத்தையில் படுக்கவைத்துவிட்டுத் தலைமாட்டில் நின்று ஆரம்பிக்கிறார். படுத்தவன் எங்கே ஓடுவான்? "எத்தனாவதா வந்தீங்க?" என்று யாராவது கேட்டால் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொல்கிறார்: "எங்க கூட்டத்துல நான்தான் முதல். மத்தவங்க எல்லாரும் எனக்குப் பின்னாடிதான் வந்தாங்க." அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒன்று. இவரே அவ்வளவு தூரத்தை நடந்து முடித்துவிட்டார் என்றால், கொஞ்சம் முயற்சி பண்ணினால் நம்மாலும்கூட முடியுமோ என்று இப்போது உங்களுக்குள் ஒரு நினைப்பு எட்டிப் பார்த்ததே, பார்த்ததுதானே? போச்சு. வீட்டில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு இன்றைக்கே மன்னிப்புக் கேட்டு வைத்துவிடுங்கள்.