மந்தைவெளி வரியும் என் வீட்டுக் கூரையும்

உத்தனப்பள்ளி
1956, தை மாதம்

பாரூர் பெரியவர் திம்மராயன் அவர்கள் சமூகத்துக்கு, உத்தனப்பள்ளி பஞ்சாயத்து மெம்பர் ராமப்பன் இரு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. தங்கள் இல்லத்தில் அனைவரும் நலமென்றும், ஏரியில் தண்ணீர் நிறைந்திருக்கிறதென்றும் நம்புகிறேன். இங்கே நானும், என் சம்சாரம் வெங்கடம்மாவும், தங்களுக்கு மருமகளாக வரவேண்டிய எங்கள் மகள் மங்கம்மாவும் சௌக்கியம். என் மானத்துக்குத்தான் உடம்பு சரியில்லை.

போன வாரம் தாங்கள் பெண் வீடு பார்க்க வந்தபோது நான் நடந்துகொண்ட விதத்துக்குக் காரணம் சொல்லவே இந்தக் கடிதம். வண்டியில் வரும்போது எங்கள் ஊர் மந்தைவெளியைப் பார்த்திருப்பீர்கள். மாடு மேய்வதும் மாரியம்மன் திருவிழா நடப்பதும் அங்கேதான். அதை மனைக்கட்டாகப் பிரித்து விற்றுவிடலாம் என்று பஞ்சாயத்து போர்டில் பேச்சு வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. மங்கம்மா கல்யாணத்துக்குப் பந்தலை வேறு எங்கே போடுவேன்? எழுந்து நின்று, வீட்டு வரியைக் கொஞ்சம் ஏற்றினால் வேலி கட்டலாம், புங்கமரம் வைக்கலாம், காவலுக்கு ஆள் போடலாம் என்று பேசினேன். ஜனங்கள் கை தட்டினார்கள். கை தட்டினால் எனக்குக் கால் தரையில் நிற்காது. ‘கூரை வீட்டுக்காரன் பாவம், ஓட்டு வீட்டுக்காரன் ரெண்டு பங்கு கட்டட்டும்’ என்றும் சொல்லிவிட்டேன். தீர்மானம் நிறைவேறியது. வீட்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் என் தலைக்கு மேலேயும் ஓடு இருப்பது ஞாபகம் வந்தது.

அப்புறம் என்ன, கிருஷ்ணகிரியிலிருந்து வரி போட ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கொல்லையில் போர் போட்டிருந்த ராகித் தாளையெல்லாம் தூக்கி ஓட்டின்மேல் பரப்பி, கூரை வீடு மாதிரி மூடினேன். நான் ஏணியை விட்டு இறங்கவும் தங்கள் வண்டி வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் வந்து வீடு பார்ப்பது நம் பக்கத்து வழக்கம்தான். ஆனால் அதுவரை தரகர் பேச்சோடு சரி, தங்கள் முகத்தை நான் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டையைக் கண்டதும் வரிக்காரர்தான் என்று முடிவுகட்டி, ‘சாமி, நமக்கு நெலம் கெடையாதுங்க, ஒரு வேளை களிக்கே தாளம் போடறோம், மழ வந்தா ஊடு பூரா ஒழுவுதுங்க’ என்று அழுதேன். நிஜமாகவே கண்ணீர் வந்தது. தாங்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டி ஏறிவிட்டீர்கள். உள்ளேயிருந்து ஓடிவந்த வெங்கடம்மா, ‘யாருன்னு நெனச்சு அழுதீங்க? தரகரு சொன்ன செவலைக் காளை வண்டி கண்ணுக்குத் தெரியலையா?’ என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதோடு விட்டேனா? அன்றே தாளை இறக்கினேன். தாங்கள் மனமிரங்கி வேறு யாரையாவது அனுப்பினாலும் அனுப்புவீர்கள் என்று, பக்கத்து வீட்டு லால் பாஷாவின் ஜோடிக் காளையை இரவல் வாங்கி வாசலில் கட்டினேன். மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். உட்காரவைத்து, காபி கொடுத்து, காளை நம்முது, தென்னந்தோப்பு நம்முது, அடுத்த வருஷம் மாடி எழுப்பப் போறேன் என்று அளந்தேன். அவர்கள் சந்தோஷமாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் எதற்கு எழுதுகிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிளம்பும்போதுதான், ‘வரிக்காரங்களுக்குக் காபி குடுத்த மொத ஆளு நீங்கதாங்க’ என்றார்கள்.

இப்போது ஊரிலேயே அதிக வரி எனக்குத்தான். போகட்டும், நான் கேட்டு வாங்கிய வரி, நானே கட்டுகிறேன். ஒரு பைசா குறைக்கச் சொல்லமாட்டேன். ராமப்பன் வசதியானவன் என்று சர்க்காரே சொல்லும்போது தங்களுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? மங்கம்மா என்னோடு பேசுவதில்லை. களித் தட்டை என் முன்னால் வைக்கும் சத்தத்திலேயே அவள் மனசு தெரிகிறது. அவளுக்காகவாவது தாங்கள் இன்னொரு தடவை வரவேண்டும். பந்தலுக்கு மந்தைவெளி காத்திருக்கிறது.

தங்கள் வயலுக்கும் வண்டிக் காளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் மாரியம்மன் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஓட்டு வீட்டு ராமப்பன்

பின்குறிப்பு: வரியைக் குறைக்கச் சொல்லி இன்று காலை அப்பீல் மனு கொடுத்திருக்கிறேன். என் வீடு கூரை வீடுதான் என்று நேரில் பார்த்த பெரிய மனிதர் ஒருவர் சாட்சி எழுதித் தரவேண்டுமாம். தங்களை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?