பேனாவின் கயிறு எட்டிய கட்டம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள், வீட்டில் எல்லோரும் வாய்ப்பூட்டு என்று கூப்பிடுகிறவள், பணிவுடன் எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், வேன் நலம், அப்பாவின் கண்கள் மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்றும், உங்கள் குரலுக்கு ஒரு குறையும் வந்திருக்காது என்றும் நம்புகிறேன். குரலைத் தனியாக விசாரிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கடைசியில் வரும்.

ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் கவனித்தது மூன்றாம் கவுண்டரில் இருந்த பேனாவைத்தான். யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று அதை ஒரு கயிற்றால் கட்டி, கயிற்றின் மறுமுனையை நாம் நிற்கும் பக்கம் மேசை விளிம்பில் ஆணி அடித்து முடிந்திருந்தார்கள். கயிறு ஒரு சாண்கூட இல்லை. எழுத வேண்டுமென்றால் மேசையில் தாடை இடிக்கும்படி குனிய வேண்டும். குனிந்தால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதால் அந்தப் பேனா எனக்குப் பிடித்துவிட்டது. அதுதான் நான் செய்த முதல் தப்பு.

எதற்கு அங்கே போனேன் என்று அம்மா உங்களிடம் பாதிதான் சொல்லியிருப்பாள். அப்பாவின் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது கண் பரிசோதனையில் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்களாம். அப்பா "எந்தச் சுவருங்க?" என்று கேட்டிருக்கிறார். அத்தோடு உரிமம் போயிற்று. சலவைக்கூடத்திலிருந்து படுக்கை விரிப்புகளை வேனில் ஏற்றி விடுதிகளுக்குக் கொண்டுபோகும் வேலையை அவர் பத்தொன்பது வருடமாகச் செய்கிறார். முதலாளியம்மா நல்லவர். "மூணு மாசம் டைம் தரேன். அதுக்குள்ள உங்க வீட்ல யாராவது ஒருத்தர் லைசென்ஸ் எடுத்தா வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லன்னா என் மருமகன்கிட்ட குடுத்துடுவேன், அவன் சும்மாதான் இருக்கான்" என்றார். அம்மா சலவைக்கூடத்துப் பாய்லரை விட்டு நகர முடியாது. மிச்சம் நான்தான். ஒன்பதாம் வகுப்போடு நின்று அதே சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்து மூட்டை கட்டும் எனக்கு, அந்த மாதம்தான் பதினெட்டு முடிந்திருந்தது. அப்பா தினமும் காலையில் நிற்கிற வேனில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்குவதைப் பார்த்தபிறகு என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மாட்டேன் என்பதையும் வாய் திறந்துதானே சொல்ல வேண்டும்!

உரிமங்களில் எத்தனை வகை என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எனக்கு இப்போது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கு ஒன்று, கியர் உள்ளதற்கு ஒன்று, கார், வேன் போன்ற இலகு ரக வண்டிக்கு ஒன்று, சரக்கு ஏற்றும் கனரக வண்டிக்கு ஒன்று, ஆள் ஏற்றும் கனரக வண்டிக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் கீழே கடைசிக் கட்டத்தில் சாலை உருளை, அதாவது ரோடு ரோலர். எது வேண்டுமோ அதில் டிக் போட வேண்டும். அதையும் அலுவலர் கண்ணெதிரே, அங்கே கட்டியிருக்கும் பேனாவால் மட்டுமே போட வேண்டும் என்று கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. கவுண்டர்காரர் என் விண்ணப்பத்தின் தலைமாட்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "டிக் போடும்மா, பின்னாடி ஆள் நிக்குது" என்றார். பேனாவை இழுத்தேன். இலகு ரகம் மூன்றாவது கட்டம். கயிறு அதுவரை வரவில்லை. விரல் நுனியில் பிடித்தும் பார்த்தேன், வரவில்லை. எட்டியது கடைசிக் கட்டம் ஒன்றுதான். ஃபாரத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்று நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். நான் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன். அவர் ஒரு முறை என்னை ஏற இறங்கப் பார்த்து, "ரோலரா? நீயா?" என்றார். தலையாட்டினேன்.

அன்றைக்கே கணினியில் பழகுநர் உரிமத்துக்கான தேர்வு. சாலைக் குறிகளைக் காட்டி விடை கேட்கிறது, நாம் அமுக்கினால் போதும், யாரிடமும் பேச வேண்டாம். எல்லாம் சரியாகச் செய்தேன். இந்த உலகமே அப்படி இருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் மாமா. வீட்டுக்கு வந்ததும் அப்பா பூதக்கண்ணாடியால் அந்தத் தாளைப் படித்தார். இரண்டு முறை துடைத்துவிட்டுப் படித்தார். "ரோலர்னு போட்டிருக்கே?" என்றார். தலையாட்டினேன். அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பேசாத புள்ள, எதையோ யோசிச்சுத்தான் செஞ்சிருக்கும்" என்றாள் அம்மா. "ஆமாமா, மூட்டை தூக்குறவன் பையைத் தூக்க மாட்டானா? பெரிய வண்டி லைசென்ஸ் இருந்தா சின்ன வண்டியும் அதுல அடங்கிடும். எனக்கு இது தோணலையே!" என்று அப்பா என் தலையைத் தடவினார். பேசாமல் இருப்பவர்களுக்கு ஊரில் எவ்வளவு அறிவு இருப்பதாக நினைக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சலவைக்கூடத்துக்குப் பின்னால் தெருவுக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ரோலரை ஓட்டுகிறவரை எல்லோரும் தார் அண்ணன் என்பார்கள். அப்பா போய்க் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "தாராளமா வரட்டும். நானும் கொஞ்சம் காலை நீட்டி உக்காருவேன்" என்றவர், பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணு மட்டும் புரியலைங்க. இந்த ஊர்ல ரோலர் இருக்கிறது ஒண்ணு. எங்கிட்ட கத்துக்கிட்டு லைசென்ஸ் வாங்கினவங்க இருபத்தி மூணு பேர். போன மாசம் ஒரு பல் டாக்டர் வந்து கத்துக்கிட்டுப் போனாரு. எதுக்கு சார்னு கேட்டா சிரிச்சுக்கிட்டே இருக்காரு, வாயே திறக்கலை" என்றார். எனக்கு அந்த இருபத்து மூன்று பேரையும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. அவர்களோடு ஒரு நாள் சேர்ந்து உட்கார வேண்டும் போல இருந்தது. யாரும் ஒன்றும் பேசியிருக்க மாட்டோம்.

முன்னால் ஒரு எல் பலகை, பின்னால் ஒரு எல் பலகை கட்டி ஒரு மாதம் ஓட்டினேன். பக்கத்திலேயே அப்பா குடையோடு நடந்து வந்து, "மெதுவா! மெதுவா! பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்துவார். ஒரு நாள் எதிரே நாய் ஒன்று படுத்திருந்தது. அப்பா பதறிப்போய் ஓடி, அதற்குக் கை காட்டி, காலைத் தட்டி, சூ சூ என்று எல்லாம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அது எழுந்து, சோம்பல் முறித்து, காதைச் சொறிந்து, தெருவைக் கடந்து, அந்தப் பக்கம் மறுபடி படுத்துத் தூங்கியும் விட்டது. நான் அதன்பிறகுதான் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இடையில் ஒரு நாள், அதுவரைக்கும் தற்காலிகமாக வேன் ஓட்டிக்கொண்டிருந்த முதலாளியம்மாவின் மருமகன் வராமல் போக, ரோலர் எப்படியும் ஒரு விடுதிப் பக்கம்தானே போகிறது என்று அப்பா நான்கு மூட்டைகளை அதன்மேல் ஏற்றிவிட்டார். மூன்று ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. நான்காவது முன்னால் விழுந்து உருளைக்கு அடியில் போய்விட்டது. பயந்துகொண்டே பிரித்துப் பார்த்தோம், விரிப்புகள் அட்டை போல நின்றன. மறுநாள் விடுதி மேலாளர், "நேத்து ஒரு மூட்டைக்கு இஸ்திரி போட்டது யாரு? இனிமே அவங்களே போடட்டும்" என்று சொல்லி அனுப்பினார். முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டுப் பாராட்டிவிட்டு, "எல்லாம் சரி, வேன் லைசென்ஸ் என்னாச்சு?" என்றார். தலையாட்டினேன்.

தேர்வு நாளன்று முதல் ஆளாக என்னைத்தான் கூப்பிட்டார்கள். மைதானத்தில் எட்டுப் போட வேண்டும். ஆய்வாளர் என் பக்கத்தில் உட்கார ரோலரில் இடமில்லை. கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். பிறகு நாற்காலி ஒன்றை வரவழைத்து, உட்கார்ந்து, நான் தாண்டியதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் மறுபடி உட்கார்ந்தார். எட்டின் மேல் வட்டம் முடிவதற்குள் அவர் டீ குடித்துவிட்டு வந்தார். கடைசியாக, "அந்த மேட்டுல ஏறி, நடுவுல நிறுத்தி, பின்னாடி உருளாம எடும்மா" என்றார். கார் ஓட்ட வருகிறவர்களெல்லாம் பயப்படும் மண்மேடு அது. ஏறினேன், நிறுத்தினேன். நிறுத்திய இடத்திலேயே நிற்கச் சொன்னதால் நின்றேன். மேடு எனக்கு அடியில் மெல்ல மெல்ல இறங்கியது. போ என்று அவர் கை காட்டியபோது நான் சமதரையில் இருந்தேன். ஆய்வாளர் ஓடி வந்து, "மேடு எங்கம்மா?" என்றார். கீழே கை காட்டினேன். அவர் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். "ரோலர் ஓட்டுறவ மேட்டை மேடாவே விட்டிருந்தாதான் ஃபெயில் போடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அன்று கார்த் தேர்வுக்கு வந்த பதினான்கு பேரும் பாஸ். அதில் ஒருவர் ஆறாம் முறையாக வந்தவராம். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அப்பா அந்த உரிமத்தை வாங்கிக்கொண்டு நேராக முதலாளியம்மாவிடம் ஓடினார். அவர் விசாரித்துவிட்டுச் சொன்னதுதான் இடி. பெரிய வண்டிக்குள் சின்ன வண்டி அடங்காதாம். ரோலர் உரிமத்தை வைத்துக்கொண்டு ஒரு ஸ்கூட்டரைக்கூடத் தொட முடியாது. வேனுக்கு இலகு ரகத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும், அதற்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி பழகுநர் உரிமம், முப்பது நாள் கழித்துத்தான் தேர்வு. முதலாளியம்மா கொடுத்த கெடுவிலிருந்து பின்னால் எண்ணிப் பார்த்தால் இந்த வியாழக்கிழமைக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். தப்பினால் வேன் மருமகனுக்கு. அப்பா அப்போதும், "பொண்ணு இதையும் யோசிச்சு வச்சிருக்கும்" என்றுதான் சொன்னார். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சனிக்கிழமை போனேன். சொந்தப் பேனா கொண்டு போயிருந்தேன். கவுண்டர்காரர் கண்ணாடியில் ஒட்டியிருந்ததை விரலால் தட்டிக் காட்டினார், உள்ளே வைத்துவிட்டேன். நடுவில் கயிறு ஒரு தடவை அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், இன்னும் குட்டையாகிவிட்டது. இது வேறு விண்ணப்பம். இதில் கைக்கு எட்டிய ஒரே கட்டத்தில், ‘என் உரிமத்தைத் திருப்பி ஒப்படைக்க விரும்புகிறேன்’ என்று இருந்தது. பேனாவை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

இதை அம்மா அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? நான் பெரிய திட்டம் வைத்திருப்பதாக இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அப்பாவைக் கூட்டிப் போகவும் முடியாது, சீருடையைக் கண்டால் மரியாதைக்கு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார், பிறகு யாருக்கு வணக்கம் வைக்கிறார் என்று அவருக்கே தெரியாது. அதனால்தான் மாமா, உங்களைக் கேட்கிறேன். ஜன்னலோர இருக்கைக்காக நீங்கள் வாதாடியதில் பேருந்தே நின்று, ஓட்டுநர் எழுந்து வந்து, "என் சீட்டு வேணும்னா எடுத்துக்கோங்க சார்" என்று கெஞ்சியதை நான் மறக்கவில்லை. வியாழக்கிழமை காலை வந்து என் பக்கத்தில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அதைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்: ‘ஃபாரத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க.’ அவ்வளவுதான். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். சின்னவனுக்கு முத்தம், பெரியவளுக்கு இரண்டு. உங்கள் காலில் விழுந்து எழுந்ததாக நினைத்து ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு, உங்கள் வரவையும் குரலையும் எதிர்பார்க்கும்,
அக்கா மகள்.

பின்குறிப்பு: மாமா, நீங்கள் வர வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று திங்கட்கிழமை, கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பியபோது அப்பா வேனை எடுத்துவிட்டார். மகள் பாவம் எத்தனை தடவைதான் அலைவாள், நாமே மெதுவாக ஓட்டிப் பார்ப்போம் என்று தோன்றியதாம். துணி காயப்போட்டிருந்த வரிசைக்குள் நேராகப் போய்விட்டார். வேன் முழுக்க விரிப்புகள் மூடிக்கொண்டன. உள்ளேயிருந்து, "பனி ரொம்ப இறங்குதே, லைட்டைப் போடவா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். தண்ணீர்த் தொட்டிச் சுவர் நிறுத்தியது. அவருக்கும் வேனுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் விரிப்பை விலக்கிப் பார்த்தபோது அவர் கை ஸ்டியரிங்கை விடவே இல்லை.

அப்படியே நடந்து அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாம் கவுண்டர். அதே முழங்கை. "டிக் போடும்மா, பின்னாடி ஆள் நிக்குது." வாயைத் திறந்தேன். "எட்டலை" என்று வந்தது. அவர், "என்னது?" என்றார். இரண்டாவது தடவை வரவில்லை. மூட்டைக் கயிறு வெட்டுவதற்காக இடுப்பில் எப்போதும் தொங்கும் சின்னக் கத்தரியை எடுத்து, பேனாவின் கயிற்றை வெட்டினேன். முழங்கை தானாகவே விலகிவிட்டது. இலகு ரகம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பிறகு பையிலிருந்த மூட்டைக் கயிற்றில் இரண்டு முழம் வெட்டி, பேனாவை அதில் கட்டி, மறுமுனையை அதே ஆணியில் மூட்டை முடிச்சாகப் போட்டு, முதல் கட்டம்வரை வருகிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தேன்.