கோயில் வாசல் எந்தப் பக்கம்?

டோர்செட் பார்க்,
ஸ்காபரோ.

அன்புள்ள தம்பி சிவபாதத்துக்கு,

அக்கா பேபி எழுதுவது. இங்கு நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. பெர்லினில் நீயும் உன் காரும் நலமா என்று கேட்கக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பும் எதுவும் உன்னிடம் வந்து சேர்வதாகத் தெரியவில்லை. நீ என்னை மறித்து வைத்திருக்கிறாய் என்று விளங்கிக்கொண்டேன். கோபம் நியாயமானது. ஆனால் தபால்காரரை மறிக்க முடியாது அல்லவா, அதனால்தான் இந்தக் கடிதம்.

உன்னைப் போலந்துக்குப் போகச் சொன்ன அவசரத்தில் ஏன் என்று ஒழுங்காகச் சொல்லாதது என் பிழை. இப்போது சொல்கிறேன். போர்க்காலத்தில் ஜெர்மன் சிப்பாய்கள் போன இடமெல்லாம் படம் எடுத்திருக்கிறார்கள், சுற்றுலா போனவர்களைப் போல. அவர்கள் செத்தபின் பேரப்பிள்ளைகள் அந்த அல்பங்களை இணையத்தில் விற்கிறார்கள். படங்களில் ஊர் இருக்கும், ஊரின் பெயர் இருக்காது. அவை எந்த ஊர் என்று கண்டுபிடிக்க ஒரு குழு இருக்கிறது. முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவள் சும்மா இருப்பாளா? நானும் சேர்ந்தேன். முதல் நாளே ஒரு படத்தில் துலாவைக் கண்டு, துலா என்றால் என்ன, தண்ணீர் எப்படி அள்ளுவது என்று கீறி விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். “ஆம், கிணற்றுத் துலா, எங்கள் வீட்டிலும் இருக்கிறது” என்று ஹங்கேரியிலிருந்து ஒருவர் பதில் போட்டார். அன்றிலிருந்து அடக்கமாக இருக்கிறேன்.

எதிர்வீட்டு வேரோனிக்கா ஒருநாள் தேநீர் குடிக்க வந்தபோது என் கணினியில் ஒரு படம் திறந்தபடி இருந்தது. ஆற்றங்கரையில் ஒரு கிறிஸ்தவக் கோயில், நெட்டையாக ஒரு கோபுரம், கட்டையாக ஒரு கோபுரம். முன்னால் இரண்டு சிப்பாய்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதில் ஒருவனின் சட்டைப் பொத்தான் பெண்களின் சட்டையில் இருப்பதுபோல மறுபக்கம். அவசரத்தில் யாருடையதையோ மாட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று நான் சிரித்தேன். வேரோனிக்கா சிரிக்கவில்லை. அவர் சிப்பாய்களைப் பார்க்கவே இல்லை. கோபுரங்களைப் பார்த்தபடி கதிரையில் இருந்துவிட்டார்.

போர்க்காலத்தில் போலந்தில், நாலு வயதில், அவரையும் தாயையும் வண்டியில் ஏற்றி ஊரைவிட்டுக் கலைத்தார்களாம். வழியில் தாய் செத்துப்போனார். அநாதை இல்லத்தில் கேட்டபோது பிள்ளைக்கு ஊர்ப் பெயர் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் அவருடைய பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் என்று இருப்பது அந்த இல்லம் இருந்த பட்டணம்தான். ஊரைப் பற்றி அவருக்கு ஞாபகம் இருப்பது அந்த நெட்டையும் கட்டையும் மட்டும். இந்த மாத முடிவில் மகன் அவரைத் தன்னோடு வைத்துக்கொள்ள விட்பி நகருக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அதற்கு முன் அந்தப் பெயர் தெரிந்தால் போதும் என்றார். அந்த வயதில் ஒருவர் தன் ஊர்ப் பெயரையா தேட வேண்டும், சொல்லு? ஒரே ஒரு சங்கடம், கட்டைக் கோபுரம் மற்றப் பக்கமல்லவா இருந்தது என்றும் சொன்னார். நான் பொறுமையாக விளக்கினேன். சின்னப் பிள்ளைகளுக்கு இடம் வலம் பிடிபடாது. உதாரணமாக, என் வகுப்பில் ஒரு பெடியன் ஐந்தாம் வகுப்பு வரை செருப்பைக் கால் மாறித்தான் போட்டான். அவர் தேநீரைக் குடித்து முடித்தார்.

அநாதை இல்லம் இருந்த மாவட்டத்தை வைத்துக் குழுவினர் ஊர்களை இரண்டாகக் குறைத்தார்கள். ஒரே ஆறு, வடகரையில் ஒன்று, தென்கரையில் ஒன்று. இரண்டிலும் அப்படியொரு கோயில் இருந்து போரில் அழிந்திருக்கிறது. பெயர்களைப் பார்த்தேன், மெய்யெழுத்தெல்லாம் வரிசையில் நிற்கிறது, உயிரெழுத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வேரோனிக்காவிடம் காட்டவில்லை. ஒரு பெயரைக் கொடுத்துவிட்டுப் பிறகு பிடுங்குவது பாவம். எந்தக் கரை என்று எப்படி முடிவெடுத்தேன்? கோயில் வாசல் எப்போதும் கிழக்கு. அதைப் போய் யாரிடமாவது கேட்பார்களா? படத்தின் பின்னால் ஜெர்மனில் இருந்த ஒரே குறிப்பையும் நீயே ‘கிழக்கில்’ என்று மொழிபெயர்த்துத் தந்தாய். வாசல் எங்களைப் பார்க்கிறது, ஆறு வலப்பக்கம். ஆகவே ஆறு கோயிலுக்கு வடக்கே, ஊர் தென்கரையில். உன்னை அனுப்பினேன்.

பிறகு நடந்ததை நீ தொலைபேசியில் சொன்னபோது பாதியில் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. புல்வெளிக்குள் கார் புதைந்ததும், மாடு வந்து பக்கக் கண்ணாடியை நக்கி முறித்ததும், உதவிக்கு வந்த மாட்டுக்காரரிடம் நீ அந்தப் படத்தை எடுத்து நீட்டியதும். ஜெர்மன் நம்பர் பிளேட்டோடு வந்து ஜெர்மன் சிப்பாயின் படத்தைக் காட்டினால், ஜெர்மன்காரர் விட்டுப்போன காணிக்கு உரிமை கேட்டு வந்த ஆள் என்று அந்த மனுசன் நினைக்காமல் என்ன செய்வார்? ஆனாலும் கத்திக் கத்தியே காரை டிராக்டரால் இழுத்துவிட்டாரே, நல்ல மனம். கடைசியாக நீ அனுப்பிய படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். புல்லுக்குள் எங்கேயும் போகாத ஒரு கல்படிக்கட்டு, மேற்படியில் மாடு. கீழே நீ எழுதியிருந்தாய்: “அக்கா, இதுதான் உன்ர கோயில். உள்ளுக்குச் சாமியும் நிக்குது.”

எங்கள் கட்டடத்தில் மரியோ மாஸ்டர் இருக்கிறார், பாசையூர்க் கத்தோலிக்கர், கணிதம் படிப்பித்தவர். லிப்டில் அவரைக் கண்டபோது மனம் பொறுக்காமல் முழுவதையும் சொன்னேன். அவர் இறங்க வேண்டிய மாடியையும் விட்டுவிட்டுக் கேட்டார்.

“ரீச்சர், உங்கட கோயில்ல சாமி கிழக்கைப் பாக்கும். எங்கட கோயில்ல சனம்தான் கிழக்கைப் பாக்கும். பழைய கோயில் எண்டா வாசல் மேற்கில.”

“ரெண்டையும் கோயில் எண்டுதானே சொல்லுறம்?”

“சொல்லுறம். ஆனா திருப்பிக் கட்டியிருக்கிறம்.”

அவ்வளவுதான் தம்பி. ‘கிழக்கில்’ என்று அந்தச் சிப்பாய் எழுதியதும் வாசலை அல்ல, கிழக்குப் போர்முனையைத்தான். வாசல் மேற்கென்றால் ஆறு தெற்கே, ஊர் வடகரையில். உன்னைப் பிழையான கரைக்கு அனுப்பிவிட்டேன். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த அன்றே வெளிக்கிட்டு வடகரைக்குப் போய், அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்பு. பாலம் இருக்கிறது, வரைபடத்தில் பார்த்தேன். வேரோனிக்கா விட்பிக்குப் போகுமுன் எனக்கு அது வேண்டும்.

மச்சாளுக்கு என் அன்பு. வீட்டைப் பார்க்க முருகன் இருக்கிறார், காரைப் பார்க்க நல்ல மெக்கானிக் அமையட்டும்.

உன்மேல் என்றும் அன்புள்ள,
அக்கா பேபி.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். வடகரைக்குப் போகாதே. மேலே எழுதிய எதையும் செய்யாதே.

சாமான் கட்ட உதவலாம் என்று வேரோனிக்கா வீட்டுக்குப் போனேன். சுவரிலிருந்து கழற்றிய பெரிய கண்ணாடியைச் சோபாவில் சாய்த்து வைத்திருந்தார்கள். அச்செடுத்த கோயில் படத்தைக் கையில் பிடித்தபடி அதற்கு முன்னால் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தார். “அசையாதே,” என்றார். “இப்போதுதான் சரியாக இருக்கிறது.” கண்ணாடிக்குள் கட்டைக் கோபுரம் அவர் சொன்ன பக்கத்தில் நின்றது. சிப்பாயின் பொத்தானும் ஆண்பிள்ளைப் பக்கம் வந்திருந்தது. யாரோ பிலிமைப் புரட்டி வைத்து அச்சடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் ஆறு இடப்பக்கம். வாசல் மேற்கு, ஆறு வடக்கு, ஊர் தென்கரை. என் பிழையும் அச்சடித்தவன் பிழையும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. கார் புதைந்த இடம்தான் ஊர். உன் சாமி நிற்பதுதான் கோயில் படி. நாலு வயதுப் பிள்ளைக்கு இடம் வலம் நன்றாகத் தெரிந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

உன் படத்தைக் காட்டினேன். மாட்டை விட்டுவிட்டுப் படிகளை மட்டும் விரலால் தடவினார். பிறகு ஊரின் பெயரை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியபோது அது வெறும் மெய்யெழுத்து. அவர் வாசித்தபோது உயிர் வந்தது. திரும்பத் திரும்பச் சொன்னார். என்னையும் சொல்லச் சொன்னார், நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார், பிறகு பொறுமையாக, எழுத்தெழுத்தாகச் சொல்லித் தந்தார்.

அவர் சொன்னதைப் பதிந்து வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் என்னைத் திற, அனுப்புகிறேன். அதை அந்த மாட்டுக்காரருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். காணி கேட்டு ஒருவரும் வரவில்லை, ஒரு பிள்ளை தன் ஊரின் பெயர் கேட்டுத்தான் வந்தது என்று அவருக்கும் தெரியட்டும். இந்த முறை காரைத் தார் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போ.