முன் சீட்டில் ஒரு கல்

“அண்ணே, படகு வானத்தைப் பாக்குது!” என்று துறையிலிருந்து கத்தினான் ஒமேர்.

ஹெட்லிக்கு அது தெரியாமல் இல்லை. பின் சீட்டில் அவர் உட்கார்ந்ததும் பின்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்து, படகின் மூக்கு அந்தரத்தில் எழும்பிவிட்டது. லேசாகக் காற்றடித்தது. அந்தக் கனோ படகு அவரைக் கேட்காமலே ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி ஒமேரைப் பார்த்து நின்றது.

“ரெண்டு பேர் துடுப்புப் போடற படகு இது. ஒத்தை ஆளுக்குச் சரிப்படாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

“உங்கிட்ட ஒத்தை ஆள் படகு ஒண்ணு இருக்குமே, சிவப்பா? அதையாவது குடுடா.”

ஒமேர் காதைச் சொறிந்தான். “அது நேத்தே வாடகைக்குப் போயிருச்சு.”

“யாரு எடுத்தது?”

“வந்தவங்க போனவங்க கதையெல்லாம் நான் பேசறதில்லண்ணே” என்றான், ஊர்க்கதை பேசியே படகு வாடகைத் தொழிலை நடத்துகிற ஒமேர். கீழே கிடந்த கயிற்றை எடுத்து ரொம்ப மும்முரமாகச் சுருட்ட ஆரம்பித்தான். “ஒரே வழிதான் இருக்கு. படகை முன்பின்னாத் திருப்பி வெச்சு, முன் சீட்டுல பின்பக்கம் பாத்து உக்காருங்க. அது நடுவுக்குக் கிட்ட இருக்கு. எடை சமமாயிரும். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க.”

“முன் சீட்டுலயா? நானா?” ஹெட்லிக்குக் கோபம் வந்துவிட்டது. “அது ஆர்டிஸ் சீட்டுடா. கல்யாணம் ஆன நாள்லேருந்து பின்னாடி உக்காந்து படகைத் திருப்பறவன் நான். இப்ப என்னை முன்னாடி போங்கறியா?”

“ஆர்டிஸ் அக்காதான் கூட வரலியே.”

“வரலேன்னா? சீட்டு அவளுதுதான்.”

சட்பரி நகரத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஹெட்லி. பணிக்காலம் முழுக்க முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறையக் குழந்தைகளின் கூச்சல். கோடையில் ஏரிக்குப் போனாலாவது காது குளிருமா என்றால் அங்கே மனைவி ஆர்டிஸ். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கரையில் தெரிகிற மரம், மேகம், போன வாரம் கடையில் பார்த்த பெண்ணின் தொப்பி என்று ஒன்று விடாமல் பேசிக்கொண்டு வருவாள். ‘ஒரே ஒரு தடவை, தனியா, தண்ணிச் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு’ என்று ஹெட்லி ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்த வசந்தத்தில் துணிந்து வாய்விட்டுச் சொன்னார். அழுவாள், சண்டை போடுவாள் என்று பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தார்.

“போயிட்டு வாயேன்” என்றாள் ஆர்டிஸ். “நானும் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்.”

அவ்வளவுதான். அவர் கிளம்புவதற்கு முதல் நாளே விசிலடித்துக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போயும்விட்டாள். ஒரு வார்த்தை தடுத்திருக்கலாமே என்று ஹெட்லிக்கு மனசுக்குள் ஒரு சின்னக் குறை.

சரி, இப்போது படகு. கரையில் கிடந்த பாறாங்கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பாதி ஆர்டிஸ் எடை தேறும். முன்பக்கம் தரையில் வைத்தார். மூக்கு சமர்த்தாகக் கீழே இறங்கியது. ஆனால் நாலு தரம் துடுப்புப் போட்டதும் கல் உருண்டு வந்து அவர் கால் கட்டைவிரலில் மோதியது.

வலி தாங்காமல் அதைத் தூக்கி முன் சீட்டிலேயே உட்கார வைத்துக் கயிற்றால் கட்டினார்.

“கல்லை மேல வெக்காதீங்கண்ணே! படகு ஆட்டம் காணும்!”

“உன் வேலையைப் பாருடா!”

படகு நேராகப் போயிற்று. பைன் மரங்கள், அசையாத தண்ணீர், ஒரு பேச்சு இல்லை. ‘அடடா, இதல்லவா சொர்க்கம்’ என்று நினைத்தார். கல்லைப் பார்த்துச் சிரித்துக்கூடக் கொண்டார். “எவ்வளவு சமத்தா வர்றே பாரு. வாயே திறக்கல.”

கல் வாயே திறக்கவில்லை.

கரையோரம் ஒரு கடமான் கழுத்தளவு தண்ணீரில் நின்று அல்லித்தண்டு தின்றுகொண்டிருந்தது. “ஆர்டிஸ், அங்க பாரு!” என்று கத்திவிட்டார். கத்திய பிறகுதான் யாரிடம் கத்தினோம் என்பது உறைத்தது. கடமான் காட்டுக்குள் போய்விட்டது. அதைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள் இல்லாமல் பார்த்தது பாதிதான் பார்த்த மாதிரி இருந்தது.

முதல் ஏரி முடிந்தது. அடுத்த ஏரிக்குக் காட்டுப்பாதையில் படகைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். சுமந்தார். திரும்பி வந்து மூட்டையைச் சுமந்தார். மிச்சம் இருந்தது கல். அந்தப் பக்கம் இதேபோல் இன்னொரு கல் கிடைக்காதா என்ன? ஒன்டாரியோவின் வடக்கில் இல்லாத கல்லா? ஆனாலும் அதைத் தனியாகக் கொசுக்கூட்டத்தில் விட்டுப் போக மனசு வரவில்லை. வயிற்றோடு அணைத்துக்கொண்டு முக்கி முனகி நடந்தார்.

“எதிர்ல யாரும் வந்துடாம இருக்கணும்” என்று கல்லிடம் சொன்னார்.

வழியில் சேறான இடங்களில் யாரோ புத்தம்புதுசாகக் கிளைகளை வெட்டிப் பாலம் போட்டிருந்தார்கள். கல்லும் கையுமாக வந்த ஹெட்லிக்கு அது பேருதவி. ‘விவரமான ஆளுப்பா’ என்று மெச்சிக்கொண்டார்.

இரண்டாம் ஏரியில் அந்த ஆளைப் பார்த்தே விட்டார். வெகுதூரத்தில், அக்கரை ஓரமாக, ஒரு சிவப்புப் படகு. கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று. துடுப்பு ஒரே தாளத்தில் ஏறி இறங்கியது. ‘மனுஷன்னா இவன் மனுஷன்! தனியாப் போறதுன்னா இப்படிப் போகணும்’ என்று வியந்து, இன்னும் நன்றாகப் பார்க்க ஒரு பக்கமாக எட்டிச் சாய்ந்தார்.

சீட்டில் உட்கார்ந்திருந்த கல்லும் அவரோடு சேர்ந்து சாய்ந்தது.

தலைகுப்புற எல்லாம் தண்ணீருக்குள். நல்லவேளை, உயிர்காப்புச் சட்டை போட்டிருந்தார், கரையும் பக்கம்தான். ஆனால் கட்டிய கல் படகைக் கீழே இழுத்தது. கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்க வேண்டியதாயிற்று. கல் ஏரிக்குள் போயே போய்விட்டது. ஒரு கல்லுக்குக் கையசைப்பதாவது! ஹெட்லி அசைத்தார்.

கரையேறிப் பார்த்தால் படுக்கை நனைந்திருந்தது, ரொட்டி மாவு கூழாகியிருந்தது. தீப்பெட்டியை மட்டும் மெழுகுத் துணியில் சுற்றி வைப்பது ஆர்டிஸின் வழக்கம். அதைப் பார்த்துக் கேலி செய்வது ஹெட்லியின் வழக்கம். இந்தத் தடவை அவர் மூட்டை கட்டியதால் தீப்பெட்டியும் கூழ்.

நடுங்கிக்கொண்டே கூடாரம் போடுகிற இடத்தைத் தேடிப் போனார். அடுப்புக் கல்லின் ஓரம், பாறையின் மறைவில், காய்ந்த விறகு அடுக்கியிருந்தது. அடுத்து வருகிறவருக்கு விறகு வைத்துவிட்டுப் போவது ஏரிக்காரர்கள் வழக்கம்தான். ஆனால் இப்படி விரல் கனத்துக்குப் பிளந்து, நடுவே சட்டென்று பற்றிக்கொள்கிற பிர்ச் மரப்பட்டை செருகி, மூடிபோட்ட ஜாடியில் தீக்குச்சியும் வைத்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்?

“புண்ணியவான், நீ நல்லா இருக்கணும்” என்று சிவப்புப் படகுக்காரனை வாயார வாழ்த்தினார்.

நெருப்புப் பிடித்தது. தேநீர் போட்டார். பழக்க தோஷத்தில் இரண்டு கோப்பைகளில் ஊற்றினார். இரண்டையும் அவரே குடிக்க வேண்டியிருந்தது.

பொழுது சாய, ஏரியில் லூன் பறவை ஒன்று நீளமாக ஓலமிட்டது. லூன் கத்தினால் ஆர்டிஸ் பதிலுக்குக் கத்துவாள். கண்றாவியாகக் கத்துவாள். “பறவையைப் பயமுறுத்தாதே, சும்மா இரு” என்று அதட்டுவார் ஹெட்லி. இன்று அதட்ட ஆளில்லை. மெல்லக் கைகளைக் குவித்து அவரே கத்திப் பார்த்தார். ஊமை மாடு மாதிரி வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, எங்கோ தொலைவிலிருந்து பதில் வந்தது. பிசிறடித்த குரல், பறவைக்குச் சளி போலிருக்கிறது. ஆனாலும் ஹெட்லிக்குக் கண் கலங்கியது. “ஆர்டிஸ், நீ இல்லாம நல்லாவே இல்லடி” என்று ஏரியைப் பார்த்துச் சொன்னார். வாழ்க்கையில் அவர் உரக்கச் சொன்ன அதிகபட்சக் காதல் வசனம் அதுதான். கேட்கத்தான் யாருமில்லை.

காலையில் திரும்பக் கிளம்பினார். கல் தேடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, படகை முன்பின்னாகத் திருப்பி வைத்து, ஆர்டிஸின் சீட்டில் உட்கார்ந்தார். படகு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நேராகப் போயிற்று. எதிரே அவருடைய பின் சீட்டு காலியாக இருந்தது. இந்த இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டுதானே அவள் இத்தனை வருஷம் வந்தாள்? அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாள். ‘இடது, வலது, பலமாப் போடு, சும்மா இரு’ என்ற அதட்டல் மட்டும் பின்னாலிருந்து வந்திருக்கும். பாவி, அதனால்தான் ஓயாமல் பேசினாளோ? பின்னால் ஆள் இருக்கிறானா என்று தெரிந்துகொள்ளத்தானோ?

அவளுக்கு உடனே போன் பண்ண வேண்டும். ‘அடுத்த தடவை நீ பின்னாடி உக்காரு, நான் முன்னாடி உக்கார்றேன், நீ பேசிக்கிட்டே வா’ என்று சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே துறைக்கு வந்து சேர்ந்தார்.

“என்னண்ணே, ஒரு வாரம்னீங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?” என்றான் ஒமேர். “முன் சீட்டுலயா வர்றீங்க?”

“வாயை மூடு. போனைக் குடு. ஆர்டிஸோட தங்கச்சி வீட்டுக்குப் பேசணும்.” போனை வாங்கியவருக்கு ஞாபகம் வந்தது. “அப்புறம், அந்தச் சிவப்புப் படகுக்காரர் வந்தா என் நன்றியைச் சொல்லு. சேத்துல பாலம் போட்டு, விறகு வெச்சு… அவர் மட்டும் இல்லேன்னா நான் விறைச்சே செத்திருப்பேன். யாருடா அந்த மகராசன்?”

ஒமேர் போனை அவர் கையிலிருந்து மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

“அங்க போன் பண்ணிப் பிரயோசனம் இல்லண்ணே. ஆர்டிஸ் அக்கா கார் என் கொட்டகைக்குப் பின்னாடிதான் நிக்குது. ‘பின்னால ஒருத்தன் வருவான், அவனுக்கு நெருப்பு மூட்ட வராது, விறகு நான் வெச்சுட்டுப் போறேன், ஆனா பாதியில திரும்பி வந்தான்னா என்னைத் தேட வேணாம்னு சொல்லு, முன் சீட்டுல உக்காந்து உக்காந்து அலுத்துப் போச்சு, நான் சாவகாசமா வரேன்’னு சொல்லிட்டுப் போயிருக்காங்க.”