மூன்று நாள் ஜீப்பில் இருந்த மரைக்கார்

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை, மனிதர்களைப் பற்றிச் சந்தேகமே இல்லாமல் வாழ்ந்த ஒரே ஆள் எங்கள் கந்தோர் ஜீப் டிரைவர் மரைக்கார் காக்காதான். ஒருவரின் குடியைச் சொன்னால் போதும், அவர் குணம், கைராசி, கறிக்குப் போடும் உப்பின் அளவு வரைக்கும் சொல்லிவிடுவார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கந்தோர் என்றால் அலுவலகம், காக்கா என்றால் அண்ணன். கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்குக் குடி என்பது தாய்வழியில் வரும் வம்சம். உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்காரர் கூடப்பிறந்தவர் மாதிரி, அதற்குள் கலியாணம் கிடையாது. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு பிரதிநிதி உண்டு, அவர்தான் மரைக்கார். எங்கள் ஆள் அந்தப் பதவிக்கு இன்னும் வரவில்லை. வருவேன் என்று இருபது வருடமாக அவரே சொல்லிக்கொண்டிருந்ததால் நாங்கள் முன்கூட்டியே மரைக்கார் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டோம்.

அவர் முத்துநாச்சி குடி. "எங்கட குடியாக்கள் நேரத்துக்கு வருவாங்க, சொன்ன சொல்லு மாற மாட்டாங்க," என்பார். மனைவி ஓடக்கரைக் குடி. "அவங்களுக்கு ரெண்டு சாமான் பொறப்புலேயே வரும் தம்பி. புடிவாதம், மறதி." ஒருநாள் நான் ஒரு ஃபைலைத் தொலைத்துவிட்டுத் தேடியபோது, "ஒங்கட உம்மா ஓடக்கரையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எதுக்கும் நல்லா விசாரிச்சிப் பாருங்க," என்றார்.

கடைசியில் பதவி அவரைத் தேடி வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அறிவிப்பதாக ஏற்பாடு. அந்த வாரத் திங்கட்கிழமை, வாழ்க்கையில் முதல் தடவையாக, அரை மணி நேரம் பிந்தி வந்தார்.

"தம்பி, நான் ஓடக்கரையாம்."

எண்பது வயது உம்மா அன்று காலையில்தான் வாய் திறந்திருக்கிறார். பெற்றவள் அவர் அல்ல. பக்கத்து வீட்டு ஓடக்கரைக் குடிப் பெண் பிரசவத்தில் மௌத்தாகிவிட, அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்துத் தன் பிள்ளையாகவே வளர்த்திருக்கிறார். "பள்ளிட காரியத்துல பொய்யோட நிக்க ஏலாது மகன்," என்றாராம்.

"அதுக்கென்ன காக்கா?" என்றேன்.

"அதுக்கென்னவா? முப்பது வரிசமா என்ட குடிக்குள்ளேயே கலியாணம் முடிச்சிரிக்கன். அவ எனக்குத் தங்கச்சி முறை."

மௌலவியிடம் அழைத்துப் போனேன். மார்க்கத்தில் ஒரு தடையும் இல்லை, இது ஊர் வழக்கம் மட்டுமே என்று அவர் பொறுமையாக விளக்கினார். காக்கா தலையாட்டினார். வெளியே வந்ததும், "மார்க்கத்துக்குச் சரி. எனக்கு எப்பிடிச் சரி வாற?" என்றார்.

எங்கள் ஊரில் புருஷன் வாழ்வது மனைவி வீட்டில். கோபம் வந்தால் உம்மா வீட்டுக்குப் போவான். இவருக்கோ மனைவி வீடு சொந்தக் குடி, உம்மா வீடு அந்நியக் குடி. ஆகவே கந்தோர் ஜீப்பிலேயே இருந்துவிட்டார்.

"ஊட்ட போகல்லையா காக்கா?"

"எந்த ஊட்ட?"



இதற்கிடையில் ஆளே மாறத் தொடங்கினார். சாவியை இரண்டு முறை தொலைத்தார். சாப்பிடக் கூப்பிட்டால் அசைய மாட்டேன் என்றார். "பாருங்க, மறதி. பாருங்க, புடிவாதம். இவ்வளவு காலமும் எங்க ஒளிச்சிரிந்திச்சி?"

"அப்ப இவ்வளவு காலமும் நேரத்துக்கு வந்தது யாரு காக்கா?"

தலையைச் சொறிந்தார். "அதுதான் தம்பி எனக்கும் விளங்கல்ல."

வியாழக்கிழமை பகல், அவர் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினார். கந்தோர் முழுக்க ஜன்னலில் நின்றது.

"இஞ்சாருங்க, எத்தின நாளைக்கு இதுக்குள்ள இரிக்கப் போறீங்க?"

"நானும் உன்ட குடிதான் புள்ள. இனி எப்பிடி ஊட்ட வாற?"

"எப்பயும் வாற மாதிரித்தான். வரக்குள்ள தேங்கா ரெண்டு வாங்குங்க. உம்மாவையும் நம்மட ஊட்ட கூட்டி வந்திட்டன். மூணு நாளா சோறு திங்காம அழுகுறா."

காக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு இறங்கிச் சாவியை என் கையில் வைத்தார். "பள்ளியில நானே செல்லிடுறன் தம்பி, வேற ஆளப் பாக்கச் சொல்லி."

சொன்னபடியே வெள்ளிக்கிழமை ஊர் முன்னால் எழுந்து நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். உம்மாவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் தடுமாறியது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்த மனிதர் எந்தக் குடி என்பதில் எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான், அவருக்கும்தான். இப்போது என் மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கிறேன். அவரைப் போல ஒருவன் வந்தால், குடி விசாரிக்காமலே கட்டிக்கொடுத்துவிடுவேன்.