மேலே இருப்பதெல்லாம் வடக்கு அல்ல

பந்துல்,
ஞாயிறு, மாலை

பெருமதிப்பிற்குரிய பாக் மர்தியோனோ அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் தங்கள் துணைவியாரும், எங்கள் வருங்கால மருமகள் ரத்ரியும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் தொடை பிடித்துக்கொண்டுவிட்டது. கல்யாணத் தேதி பேச இன்று வடக்கே மலையடிவாரத்துக்கு, உங்கள் வீட்டுக்கு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் போனேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் எங்கே போனேன் என்பதை நீங்கள் போனில் பார்த்துக்கொண்டே இருந்தீர்களே, அதை நினைத்தால்தான் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

எல்லாம் என் மகன் டாமர் செய்த வேலை. நம் சைக்கிள் குழுவில் எல்லோர் முன்னாலும், "சைக்கிள்லயே வாங்க பாக், இறங்காம ஏறி வந்துட்டீங்கன்னா தேதிய நீங்களே சொல்லிக்கலாம்" என்று நீங்கள் சொன்னாலும் சொன்னீர்கள், அவன் தன் சைக்கிள் கம்ப்யூட்டரை என் ஹேண்டில் பாரில் மாட்டிவிட்டான். "அம்பு காட்டுற பக்கம் போங்கப்பா, அவ்ளோதான்" என்றான். அத்தோடு விட்டானா? நான் போகும் இடமெல்லாம் ஒரு புள்ளியாகத் தெரியும்படி உங்களுக்கும் அனுப்பி வைத்தான், புள்ளி கிட்டே வந்ததும் உங்கள் வீட்டம்மா கோழியை அடுப்பில் ஏற்றலாமாம். அந்தக் கோழியின் கதி என்ன ஆயிற்று என்று கேட்கவே எனக்குத் தைரியமில்லை.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சாலையை அடைத்துக் கல்யாணப் பந்தல். கருவிக்கு அது எப்படித் தெரியும், நேரே போ, நேரே போ என்று மணமக்கள் மேடையையே காட்டியது. பந்தல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாதை இல்ல பாக். ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுச் சுத்திப் போங்க" என்றார். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சாப்பிட்ட எண்ணெய்க் கையோடு 'வேறு பாதை' என்பதை அழுத்தினேன். உள்ளே இரண்டு பாதைகள் இருந்தன. ஏற்றம் குறைவானதைத் தேர்ந்தெடுத்தேன். அது போன வாரம் டாமர் தென்கடற்கரைக்குப் போன பாதை என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நீங்கள் கேட்பீர்கள், ஜாவாவில் பிறந்தவனுக்கு வடக்கு தெற்கு தெரியாதா என்று. நாம் சோற்றுத் தட்டைக்கூட 'கொஞ்சம் கிழக்கே தள்ளு' என்று சொல்லி வளர்ந்தவர்கள்தான். ஆனால் நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன். வரைபடத்தில் மேலே இருப்பது வடக்கு. அதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். திரையில் அம்பு மேலே பார்த்தது, ஆகவே நான் வடக்கே போனேன். பிறகு ஒரு வளைவில் திரும்பினேன், அப்போதும் மேலேதான் பார்த்தது. எவ்வளவு நேர்த்தியான பாதை என்று மெச்சிக்கொண்டேன். உச்சி வெயில், மலையை மேகம் மூடியிருந்தது. வழியில் வர வேண்டிய நகரத்தையே காணோம், சுற்றுவழி என்றால் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஏற வேண்டிய இடத்தில் மிதிக்காமலே சைக்கிள் ஓடியது. அதற்கும் நான் பயப்படவில்லை, காலில் புதுத் தெம்பு வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

தேநீர்க் கடையில் ஒரு பெண்ணிடம் உங்கள் ஊரான பாகெம் எங்கே என்று கேட்டேன். "வடக்க போங்க பாக்" என்றாள். நன்றி சொல்லி அம்பு காட்டிய பக்கம் மிதித்தேன்.

"பாக்! வடக்கன்னு சொன்னேன்!"

"இதோ வடக்கு" என்று திரையைக் காட்டினேன்.

"அது உங்க பெட்டிக்கு வடக்கு. எங்க ஊருக்கு வடக்கு உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு."

படிக்காத பெண் என்று நினைத்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். சைக்கிள் எந்தப் பக்கம் திரும்பினாலும் திரையில் உள்ள படமும் கூடவே திரும்பும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்து நான் கேட்டது அலைச் சத்தம். பாக், நான் போட்டிருந்தது நம் குழுச் சட்டை. பச்சை! தென்கடல் ராணியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு அவள் வாசலிலேயே போய் நிற்கிறேன். பச்சை உடுத்தி வருபவரை அவள் அலைக்குள் இழுத்துக்கொள்வாள் என்று சின்ன வயதில் கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. சோளம் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "இந்தக் கலர்லயா வந்தீங்க? வீட்ல உங்களுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இல்லையா?" என்றாள். சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டேன், உள்ளேயும் பச்சை. கழற்றி மணலுக்குள் புதைத்துவிட்டு, ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதிக்கொண்டு, பனியனோடு, சைக்கிளையும் தூக்கிப் போட்டுக்கொண்டு, தர்பூசணி வண்டி ஒன்றில் ஏறி வீடு வந்து சேர்ந்தேன். கடல் என்னை விட்டுவிட்டது. நீங்கள் விடுவீர்களா என்பதுதான் இப்போது என் பயம். சம்பந்தம் வேண்டாமென்று கடலுக்கு ஓடிவிட்டான் என்று நினைத்திருப்பீர்கள். என் முட்டாள்தனத்துக்காக அந்தப் பிள்ளைகளைப் பிரித்துவிடாதீர்கள். டாமர் மத்தியானத்திலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், பார்க்க முடியவில்லை. இனி அந்தக் கருவியைத் தொடமாட்டேன், சைக்கிளையும் தொடமாட்டேன். நாளைக்கே பஸ்ஸில் வந்து உங்கள் வாசலில் நிற்கிறேன், திட்டுவதை நேரில் திட்டுங்கள்.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் எங்கள் வணக்கமும் துஆவும். வஸ்ஸலாம்.

மன்னிப்பை எதிர்பார்க்கும்,
சுகெங் விர்யந்தோ

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது என் மனைவி ஓடிவந்தாள். முழங்கால்வரை சேற்றோடு ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "இந்தப் புள்ளி இங்கதான் குடியிருக்கா?" என்று கேட்கிறாராம். அது நீங்கள்தான். மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பயந்து, கடல்வரை போய், திரும்பவும் இங்கே வரை என்னைத் துரத்தி வந்திருக்கிறீர்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் பெண்ணின் அப்பா பையன் வீட்டுக்கு வந்து தேதி பேசினார் என்று ஊர் சிரிக்கக் கூடாது. ஆகவே இதையும் எழுதி உங்கள் கையிலேயே தருகிறேன்: உள்ளே வாருங்கள், குளியுங்கள், சாப்பிடுங்கள், ஒரு வார்த்தை கல்யாணம் பேசாதீர்கள். காலையில் இருவரும் சைக்கிளிலேயே கிளம்புவோம், நான் உங்கள் பின்னாலேயே வருகிறேன். கடைசி வளைவில் மட்டும் நீங்கள் வேகமாக முன்னால் போய், வீட்டுக்குள் நுழைந்து சட்டையை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, "அடடே, வாங்க பாக், வழி கண்டுபிடிக்க ரொம்பச் சிரமமா இருந்துச்சா?" என்று கேட்க வேண்டும்.